பின்னைப் பாக்காதீங்க... பின்னாடி பாருங்க!

குடிகாடு சிப்காட்ல அப்பாவுக்கு வேலை, சிதம்பரத்துல பையன் இன்ஜினீயரிங் பாஸ், கையில அமெரிக்க யுனிவர்சிட்டி அட்மிஷன்... அப்புறம் என்ன, சூட்கேஸ் பேக்கிங்தான்! பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய்க்கு நடுவுல அம்மா பாசத்தோட திணிக்கிற ஐட்டம், ரைஸ் குக்கர். வில்லங்கம் ஆரம்பிக்கிறதே அங்கதான்!

நம்ம வீட்டு பிளக்பாயின்ட்ல வர்றது 230 வோல்ட். அமெரிக்காவுல 120 வோல்ட். 'அதான் அடாப்டர் வாங்கிட்டோம்ல'னு காலரைத் தூக்காதீங்க பாஸ். சாதாரண டிராவல் அடாப்டர் மாத்துறது பின்னோட வடிவத்தை மட்டும்தான். வோல்டேஜை அது தொடவே தொடாது.

ப்ளஸ் டூ ஃபிசிக்ஸை லேசா தூசு தட்டுங்க. ஹீட்டர் காயிலுக்கு வோல்டேஜ் பாதியானா பவர் கால்வாசி ஆயிடும். இங்க 700 வாட்ஸ் இழுக்கிற குக்கர், அங்க போனா சுமார் 190 வாட்ஸ்தான். அரிசி ஊறும், வேகாது. முதல் நாள் ராத்திரி பட்டினி!

அது பட்டினியோட போச்சு. உல்டாவா நடந்தா உயிருக்கே உலை. லீவுக்கு வரும்போது தங்கச்சிக்கு ஆசையா வாங்கிட்டு வர்ற 120 வோல்ட், 1000 வாட்ஸ் ஹேர் டிரையரை நம்ம ஊர் பிளக்ல சொருகினா, 3,600 வாட்ஸுக்கு மேல இழுக்கப் பார்க்கும். புகை, பொறி... தீயே பிடிக்கலாம்.

தப்பிக்க ஒரே வழி, பொருளோட முதுகுல ஒட்டியிருக்கிற குட்டி லேபிளைப் படிக்கிறது. '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்'னு இருந்தா அடாப்டர் போதும். லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த ஜாதிதான். வெறும் '230 வோல்ட்'னு இருந்தா வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. மிக்ஸி இல்லாம இருக்க முடியாதா? நம்ம ஊர் கம்பெனிகளே 110 வோல்ட் மாடல் போடுறாங்க.

ஜப்பான் கதை இன்னும் ஜோர். அங்க 100 வோல்ட். அதுலயும் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 1890-கள்ல டோக்கியோ ஜெர்மனி ஜெனரேட்டரையும், ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கினதோட விளைவு இது!

சிங்கப்பூர், துபாய், லண்டன் பார்ட்டிகளுக்கு வோல்டேஜ் பிரச்னை இல்ல. பின்தான் வில்லன். தட்டையான மூணு பின். மேல் துளையில நீளமான எர்த் பின் போனாதான் கீழ் ரெண்டு துளையோட மூடி திறக்கும். அந்த மேல் துளையில பேனாவை விட்டு நெம்பி, ரெண்டு பின் சார்ஜரைச் செருகுற ஹாஸ்டல் டெக்னிக் ஒண்ணு இருக்கு. வேணவே வேணாம்! மூடியே ஷாக் அடிக்காம இருக்கத்தான். போதாததுக்கு நம்ம உருண்டைப் பின் அதுல சரியா உட்காராது. லூஸ் கான்டாக்ட்ல சூடேறி உருகும். அங்க பிளக்குக்குள்ளயே குட்டி ஃப்யூஸ் இருக்கும். பொருள் திடீர்னு செத்துப்போனா முதல்ல அதைப் பாருங்க.

போய் செட்டிலான பிறகு மூணு விஷயம். மைக்ரோவேவ்ல எவர்சில்வர் டம்ளரை வைக்காதீங்க, பொறி பறக்கும். அமெரிக்க பாத்ரூம் பிளக்ல கரன்ட் வரலையா? அதுலயே இருக்கிற 'ரீசெட்' பட்டன் ட்ரிப் ஆகியிருக்கலாம். ஈரக் கையைத் துடைச்சுட்டு, சொருகியிருக்கிறதைக் கழற்றிட்டு அமுக்குங்க. கடுகு, மிளகாய் தாளிச்சா ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டும். ஜன்னலைத் திறங்க. எரிச்சல்ல பேட்டரியை மட்டும் உருவிடாதீங்க. நிஜமாவே தீப்பிடிக்கிற ராத்திரி, ரூம்ல தூங்குற நாலு பேரையும் எழுப்பப் போறது அது ஒண்ணுதான்.