மணிக்கட்டு வலிக்குதா? கம்ப்யூட்டர் கைக்கு ஆயுர்வேதம் சொல்வது என்ன?



கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் பார்த்தால் கண் வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கை வலிக்கும் என்பது பல பேருக்குத் தெரியாது. மணிக்கணக்கா டைப் அடிக்கிறவங்க, மவுசைப் பிடிச்சுக்கிட்டே இருக்கிறவங்க, செல்போனில் கட்டைவிரலைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கிறவங்க எல்லாருக்கும் மணிக்கட்டு வலி வரலாம். அது ஏன் வருது, ஆயுர்வேதத்தில் அதற்கு என்ன செய்றாங்க என்று பார்ப்போம்.

மணிக்கட்டுக்கு உள்ளே

நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் மேலே பட்டை மாதிரி ஒரு தசைநார். இரண்டுக்கும் நடுவில் குகை போல ஒரு வழி. விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. காலையில் வர்ற மினி பஸ்ஸில் ஒன்பது பெரியவங்களுக்கு நடுவில் ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றால் எப்படி நசுங்கும்? தசைநாண்களைச் சுற்றி வீக்கம் வந்தால் அந்த நரம்பும் அப்படித்தான் நசுங்கும். இதைத்தான் டாக்டர்கள் ‘கார்பல் டனல்’ நோய் என்கிறார்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்த நரம்பு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. எல்லா மணிக்கட்டு வலியும் இந்த நோய் இல்லை. பல பேருக்குத் தசைநாண் களைத்துப்போய் வருகிற வலிதான். சர்க்கரை நோய், தைராய்டு குறை உள்ளவங்களுக்கும், கர்ப்பிணிப் பெண்களுக்கும் டைப் அடிக்காமலே இந்த நோய் வரலாம்.

ஆயுர்வேதம் சொல்வது

உடம்பில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று இருக்கு, வலிக்குக் காரணம் வாதம் என்பது ஆயுர்வேதக் கொள்கை. வாதத்தின் குணம் வறட்சி, குளிர்ச்சி. அதற்கு எதிரானது எண்ணெயும் சூடும். அதனால்தான் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு ஒத்தடம் கொடுக்கிறார்கள்.

சுசுருத சம்ஹிதை என்கிற பழைய நூலில் உடம்பில் 107 மர்ம இடங்கள் சொல்லப்பட்டிருக்கு. அதில் மணிக்கட்டும் ஒன்று. அதன் பெயர் ‘மணிபந்தம்’. பந்தம் என்றால் கட்டு. நாம் மணிக்கட்டு என்று சொல்வதும் அதேதான், பார்த்தீர்களா! அடிபட்டால் அதிகமாக வலி தரும் 8 மர்மங்களில் இரண்டு கை மணிக்கட்டுகளும் உண்டு என்று அந்த நூல் சொல்கிறது. அதனால் அங்கே முரட்டுத்தனமாகப் பிசையக் கூடாது.

வலிக்குத் தேய்க்கிற எண்ணெய்களில் ஒன்று கொட்டஞ்சுக்காதி தைலம். கோஷ்டம், சுக்கு, வசம்பு, பூண்டு எல்லாம் நல்லெண்ணெயில் சேர்த்துக் காய்ச்சுவது.

வீட்டில் செய்யக்கூடியது

1. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, முழங்கையிலிருந்து விரல் வரை 10 நிமிடம் மெதுவாகத் தடவணும்.
2. நொச்சி இலையை எண்ணெய் விட்டு வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். நொச்சி கிடைக்கலன்னா வறுத்த உப்பு போதும்.
3. அரை மணிக்கு ஒரு தடவை கையை எடுத்து, விரல்களை விரித்து மடக்கணும்.
4. டைப் அடிக்கும்போது மணிக்கட்டு மேலேயும் வளையாமல், கீழேயும் தொங்காமல் நேராக இருக்கணும். மேசை விளிம்பில் அழுத்தி வைக்கக் கூடாது.

கவனம்! கவனம்!

மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது. அதனால் ஒத்தட முடிச்சை அடுத்த கையில் வைத்துச் சூடு பார்க்கணும். இல்லாவிட்டால் தோல் வெந்துபோனாலும் தெரியாது. மணிக்கட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் ஒத்தடமே வேண்டாம்.

ஆயுர்வேத மருந்து என்றால் கெடுதலே இல்லை என்று நினைத்து, யாரோ சொன்ன மாத்திரையை வாங்கி விழுங்கக் கூடாது. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. படித்த வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே சாப்பிடணும்.

எங்க அக்காவுக்கு நடந்தது

எங்க பெரியம்மா மகள் டைப்பிங் கடையில் வேலை பார்க்காங்க. அவங்க சம்பளத்தில்தான் வீடு ஓடுது. ராத்திரி மூணு விரலும் மரத்து, முழிச்சு எழுந்து கையை உதறுவாங்க. ரெண்டு மாசம் தைலம் போட்டும் போகலை. ஒருநாள் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. “வேலையை விட்டுரு மக்ளே” என்று பெரியம்மா அழுதாங்க. “விட்டா சாப்பாட்டுக்கு என்னம்மா செய்ய?” என்று அக்கா கேட்டாங்க.

பிறகு ஆயுர்வேத வைத்தியர்கிட்ட போனாங்க. அவர் கேட்ட முதல் கேள்வி, “சுண்டுவிரல் மரக்குதா?” இல்லை என்றதும், “இது வெறும் தைலத்தில் நிற்கிற வலி இல்லை. நரம்பு டெஸ்ட் எடுங்க” என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். நரம்பு நசுங்குவது டெஸ்டில் தெரிந்தது. ராத்திரி மணிக்கட்டு வளையாமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தாங்க. நேரத்தோடு போனதால் ஆபரேஷன் தேவைப்படலை. அக்கா இப்போ நிம்மதியா தூங்குறாங்க. வேலைக்கும் போறாங்க.

தோழிகளே, தைலம் வலியைக் குறைக்கும், இதமாக இருக்கும். ஆனால் நசுங்குகிற நரம்பை அது விடுவிக்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. விரல் மரத்தல், ராத்திரி முழிப்பு, பொருள் நழுவுதல் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நம்ம கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கு. உங்கள் வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிற அம்மா, டைப் அடிக்கிற அண்ணன், அக்கா இருந்தால் இன்று சாயந்திரமே கேளுங்கள்: “எந்த விரல் மரக்குது?”

– 9-ஆம் வகுப்பு மாணவி