பட்டு இழையில் வான்வழி

"சிங்கப்பூர் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆவுதாமே தம்பி?" வந்தவாசிப் பக்கத்துச் சேத்துப்பட்டில் எங்கள் தெருவில் தறி போட்டிருக்கும் அக்கா, மகனின் டிக்கெட்டை நீட்டிக் கேட்டார். சென்னையில் புறப்படுவது இரவு 11.30, அங்கே இறங்குவது காலை 6.15. கழித்தால் ஆறே முக்கால் மணி நேரம் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதையும் கழித்தால் பயணம் நாலேகால் மணி நேரம்தான்.

எவ்வளவு தூரம் என்றார் அடுத்து. பாவில் மிஞ்சிய பட்டு இழை ஒன்றை வாங்கி, பிள்ளைகளின் உலக உருண்டையில் சென்னைமேல் ஒரு முனையை அழுத்தி, சிங்கப்பூர்வரை தொய்வில்லாமல் இழுத்தேன். ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 425 கிலோமீட்டர். பெருக்கினால் 2,900 சொச்சம். உண்மைத் தூரமும் சுமார் 2,920 கிலோமீட்டர்தான்.

இழையை உருண்டைமேல்தான் இழுக்க வேண்டும், சுவரில் மாட்டிய படத்தில் கூடாது. படத்தில் அமெரிக்கா இடது ஓரத்தில் இருப்பதால், சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே பறக்க வேண்டும் என்று தோன்றும். உருண்டையில் இழுத்துப் பாருங்கள்: இழை வடக்கே ஏறி, சீனா, சைபீரியா, பெரிங் நீரிணை, அலாஸ்கா வழியாக இறங்கும். அதுதான் மிகக் குறைந்த தூரம், சுமார் 13,900 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகவே பறந்து வந்தார்கள்.

பூமியின் இந்த வளைவை நம் நாட்டில் அளக்கத் தொடங்கியதும் சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் போதும். சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம் வரும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதையும் டிக்கெட் கணக்கில் எடுத்துக்கொள்வதால் அதில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். லண்டன் போன்ற நெடுந்தொலைவில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் வேகக்காற்றை எதிர்த்துப் போவதால், போகும் நேரம் திரும்பும் நேரத்தைவிட அதிகம். வான்வெளி மூடினாலும் சுற்றுதான். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதிலிருந்து டெல்லியில் புறப்படும் இந்திய விமானங்கள் ஐரோப்பாவுக்குச் சுற்றிப்போக வேண்டியதாயிற்று.

அக்காவின் மகனுக்கு வானத்தைவிடத் தரையில்தான் நேரம் அதிகம். வந்தவாசி வழியாகப் பேருந்தில் போய், மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அவன் சிங்கப்பூரில் இறங்கும்போது இங்கே விடியற்காலை 3.45. அக்கா கைப்பேசியை நீட்டி, அந்த நேரத்துக்கு அலாரம் வைக்கச் சொன்னார்.