இமை வழியாக ஒரு ஆபரேஷன்: அதற்குப் பிறகு வரும் ஸ்கேனை எப்படிப் புரிந்துகொள்வது?

போன மாதம் முதுகுளத்தூர் போயிருந்தபோது அத்தை ஒருவர் மஞ்சப்பை நிறைய ஸ்கேன் பிலிம்களோடு வந்தார். கண்குழிக்குப் பின்னால் இருந்த கட்டியை மேல் இமை வழியாக எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. "மருமகனே, பார்வையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா புது ரிப்போர்ட்ல எலும்பு இல்லைன்னு போட்டிருக்காம். கட்டி திரும்ப வந்து அரிச்சிருச்சோ?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் அந்தக் கேள்வி என்னைப் படிக்க வைத்தது. புரிந்ததைக் குறித்து வைக்கிறேன்.

மூளை உட்கார்ந்திருக்கும் எலும்புத் தளத்தை மண்டையோட்டு அடித்தளம் என்கிறோம். அங்கே போக வழக்கமான வழி, மண்டையோட்டில் ஜன்னல் மாதிரி வெட்டித் திறப்பது. 2010-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கிரிஸ் மோ குழுவினர் கண்குழி வழியாக எண்டோஸ்கோப் செலுத்திச் செய்த ஆபரேஷன்களைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகு இந்த வழி பரவலாகப் பேசப்பட்டது. கீறல் மேல் இமையின் மடிப்பில் விழும், அதனால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது. கண்ணை வெளியே எடுப்பதில்லை, மெதுவாக ஒதுக்கிக்கொள்கிறார்கள். கண்குழியின் வெளிப்பக்கச் சுவரில் உள்ள ஸ்பீனாய்டு எலும்பை ட்ரில் வைத்துக் குடைந்து பின்னால் போகிறார்கள்.

ஆக, எலும்பு இல்லாமல் இருப்பது அந்த ஆபரேஷனின் பாதை. அதை அறியாமல் ஸ்கேனை மட்டும் பார்த்தால், நோய் அரித்த இடமோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

அடுத்த குழப்பம் கறுப்பு நிறம். சி.டி. ஸ்கேனுக்கு ஒரு அளவுகோல் உண்டு. அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் வழங்குகிறது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு அவருடைய கருவியில் தலை ஸ்கேன் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு சுமார் -100. மூளையைப் பார்க்கும்போது திரையில் பொதுவாக 0 முதல் 80 வரையிலான பகுதியைத்தான் விரித்துக் காட்டுவார்கள். அதற்குக் கீழே உள்ள எல்லாமே ஒரே கறுப்பு. கொழுப்பும் காற்றும் ஒன்றுபோலத் தெரியும்!

இது ஏன் முக்கியம்? மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியாமல் இருக்க, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொஞ்சம் கொழுப்பு எடுத்து அந்த ஓட்டையில் வைத்து அடைப்பது உண்டு. அதைக் காற்று என்று நினைத்தால் 'கசிவு இருக்கு' என்ற பீதி கிளம்பும். திரையின் அளவை மாற்றிப் பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். எம்.ஆர்.ஐ.-யின் ஒரு வகைப் படத்தில் இதே கொழுப்பு வெள்ளையாகப் பளிச்சிடும். அங்கே அதை ரத்தம் என்றோ மிச்சக் கட்டி என்றோ நினைக்க வாய்ப்பு உண்டு. கொழுப்பை மட்டும் அமுக்கி எடுக்கும் படம் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

நிஜமாகவே காற்று இருந்தால்? முதல் சில நாட்கள் கொஞ்சம் இருப்பது சகஜம். உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். 1918-ல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க டாக்டர் மூளையின் நீர் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். சி.டி. வருவதற்கு முன் பல ஆண்டுகள் அதுதான் வழி. வேலூரில் 1949-ல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950-ல் ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறைகளைத் தொடங்கியபோது சி.டி. என்ற ஒன்றே கிடையாது.

கவலைப்பட வேண்டியது நாளாக ஆகக் கூடும் காற்று. அது உள்ளே அடைபட்டு மூளையின் இரண்டு முன்மடல்களையும் அமுக்கினால், படத்தில் ஜப்பானின் ஃபியூஜி மலை மாதிரி தெரியும். அது அவசர நிலை. மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகுவது, காய்ச்சலோடு தலைவலி, அசாதாரணத் தூக்கம், கண் பிதுங்குவது, பார்வை குறைவது: இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கட்டி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ.-யை இரண்டு மூன்று நாட்களுக்குள் எடுப்பதற்கும் காரணம் இருக்கு. அதற்குப் பிறகு ஆறிவரும் புண்ணும் மருந்தை ஏற்று வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த முதல் படம் கையில் இருந்தால், பிறகு எடுக்கும் படங்களை அதோடு ஒப்பிடலாம்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். புது ஸ்கேனை வேறு ஊரில் எடுத்திருக்கிறார். பழைய பிலிம், ஆபரேஷன் குறிப்பு எதையும் கொண்டுபோகவில்லை. ரிப்போர்ட் எழுதியவர் கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். மஞ்சப்பையின் அடியில் மடங்கிக் கிடந்த டிஸ்சார்ஜ் சம்மரியில், எந்த எலும்பைக் குடைந்தார்கள், எங்கே கொழுப்பு வைத்தார்கள் என்று தெளிவாக இருந்தது. பரமக்குடி வழியாக மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் எல்லாவற்றையும் காட்டினோம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நாங்க குடைஞ்ச இடம்தாம்மா. புதுசா ஒண்ணும் இல்ல" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி ஆபரேஷன் நடந்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியையும் முதல் ஸ்கேன் சி.டி.யையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அந்தப் பையும் கூடவே போகட்டும்.