நிழல் மறைந்த பின்னும்

1979ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், கொழும்பு வைத்தியசாலை ஒன்றின் தாழ்வாரத்தில், ஐயாவுக்கும் வைத்தியருக்கும் நிகழ்ந்த வாக்குவாதம் இன்றும் என் செவியில் நிற்கிறது. அக்காவுக்கு அப்போது வயது 24. முத்துப்பிள்ளையாகிக் கரு கலைந்த சில மாதங்களின் பின், இருமலோடு இரத்தம் கண்டது. எக்ஸ்றேப் படத்தில் சுவாசப்பை எங்கும் வட்ட வட்டமான நிழல்கள். சூல்வித்தகத்தின் கலங்களிலிருந்து முளைத்துப் பரவும் அரிய புற்றுநோய் அது, கோரியோகார்சினோமா என்பர்.

ஊசி மருந்து ஏற்ற ஏற்ற நிழல்கள் கரைந்தன. ஆனால் அக்காவின் வாயெல்லாம் புண்ணாயிற்று. கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை.

“படம் வெளித்துவிட்டதே! பிள்ளையை ஏன் இன்னும் வதைக்கிறீர்கள்? வீட்டுக்கு விடுங்கள்” என்றார் ஐயா.

“படம் வெளித்தது போதாது, மாஸ்டர். சிறுநீர்ப் பரிசோதனையில் இன்னும் குறி தெரிகிறது.”

ஐயா அதனை வெறும் பிடிவாதமென்றே கொண்டார். நானும் அவ்வாறே கொண்டேன். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வரலாறு உண்டென்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன்.

பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், நாம் பாணுக்குப் பூசியுண்ணும் மார்மைற் அதனைத் தீர்ப்பதை 1931இல் எடுத்துக் காட்டினார். அதிலிருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் என அறியப்பட்டது. கலங்கள் பிரிந்து பெருக அது வேண்டும். பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழுவினர் அவ்வமிலத்தை ஒத்த மருந்துகளை ஆக்கினர். போலிக் அமிலத்துக்கே ஒரு போலி செய்தார்கள் எனலாம்! உண்மைப் பொருளுக்குரிய இடத்தைப் போலி பற்றிக்கொள்ள, விரைந்து பெருகும் கலங்கள் பெருக வழியின்றி மடிகின்றன. வாய்ப்புண்ணும் இதனால் வருவதே. வாயின் மென்தோற் கலங்களும் விரைந்து பெருகுபவை அல்லவா? அம்மருந்துகளுள் ஒன்றே மெதொட்ரெக்சேற். சுப்பாராவ் 1948இல் மறைந்தார். அதன் முழுப்பயனைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில், சீனத்திலிருந்து வந்த மின் சியூ லீ என்பவரும் ரோய் ஹேர்ட்ஸும் அம்மருந்தை இந்நோய்க்குக் கொடுத்து, 1956இல் பயனை வெளியிட்டனர். மரணத்தின் வாயிலில் நின்ற பெண்களின் சுவாசப்பை நிழல்கள் மறைந்தன. பலர் அத்துடன் நிறுத்தியிருப்பர். லீ நிறுத்தவில்லை. இப்புற்று, கருப்பத்துக்குரிய ஓமோன் ஒன்றைச் சுரப்பது. அது சிறுநீரில் துளியளவு தென்படினும் நோய் எங்கோ ஒளிந்திருக்கிறது என்பது அவர் துணிபு. நலமாய்த் தோன்றும் பெண்களுக்கு நஞ்சு கொடுக்கிறார் என மேலிடத்தார் சினந்தனர். அவர் வேலையை இழந்தார். அவர்கள் நோக்கிலும் இரக்கம் இருந்தது. எங்கள் ஐயாவும் அதே இரக்கத்தால் அல்லவா தாழ்வாரத்தில் நின்று பேசினார்?

காலம் தீர்ப்பளித்தது. இடையில் மருந்து நிறுத்தப்பட்ட பெண்களுக்கு நோய் மீண்டது. ஓமோன் அற்றுப்போகும்வரை லீ மருந்து கொடுத்தவர்களுக்கு மீளவில்லை. உடலெங்கும் பரவிய திண்மப் புற்றொன்று மருந்தினால் மட்டும் குணமானது அதுவே முதற்றடவை. 1972இல் லாஸ்கர் விருது பெற்றோருள் லீயும் ஹேர்ட்ஸும் இருந்தனர்.

அக்காவுக்கு மேலும் இரண்டு மாதம் ஊசி போட்டார்கள். மூன்றாண்டின் பின் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஐயா எவரிடமும் மன்னிப்புக் கேட்கும் வழக்கமுடையவர் அல்லர். ஆனால் அவன் பிறந்த ஆண்டு, எங்கள் வளவு மரத்துக் கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தில் ஒரு பெட்டி, அந்த வைத்தியரின் பெயருக்குப் புகையிரதத்தில் போயிற்று.