இறுகிய கோந்து

கோந்துப் புட்டியின் மூடி சுலபத்தில் திறப்பதில்லை; பல்லைக் கடித்துத் திறந்துவிட்டாலோ உள்ளேயிருந்து கோந்து வருவதில்லை. இந்த அநுபவம் வாய்க்காத வீடு தமிழ்நாட்டில் இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை. உபாத்தியாயர் வேலையில் இருப்பவருக்கு இது ஆண்டுக்கொரு முறை தவறாமல் வரும் சோதனை.

சென்ற ஆண்டு தாயில்பட்டியில் நமது வகுப்புப் பிள்ளைகளின் கைவேலைக் காட்சி வந்தது. பழைய காலண்டர்ப் படங்களை ஓரம் பிசகாமல் கத்தரித்து, கெட்டி அட்டைப் பெட்டிகளின்மேல் ஒட்டி, மெல்லிய பூச்சுகள் பல பூசிச் சித்திரப் பெட்டிகளாக்குவதென்று தீர்மானித்தோம். மேனாட்டார் இதை டெக்குபாஜ் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார் சீனத்து அரக்குப் பூச்சுச் சாமான்களின்மேல் மோகங் கொண்டார்கள்; விலை எட்டாதவர்கள் அச்சுப் படங்களை வெட்டி ஒட்டி வார்னிஷ் பூசி ஆசையைத் தீர்த்துக் கொண்டார்கள். 'ஏழையின் அரக்கு' என்றே அதற்குப் பெயர். இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற மூதாட்டி எழுபது வயதைக் கடந்தபின், 1772-ஆம் ஆண்டு வாக்கில், வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். கண்பார்வை மங்கும் வரையில் அவர் செய்த ஏறக்குறைய ஆயிரம் பூக்கள் இன்றும் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன.

நமக்குப் படத்துக்குப் பஞ்சமில்லை. அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவின் தெய்வப் படங்களை அச்சிட்டு நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் ஏற்றிய ஊர் அது. பஞ்சம் வந்தது பசைக்குத்தான்.

அலமாரியிலிருந்த வெள்ளைப் பசைப் புட்டி முந்திய ஆண்டில் வாங்கியது. யாரோ மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்துவிட்டார்கள். யாரோ என்ன, நாம்தான். உள்ளே கட்டித் தயிர்போல் உறைந்திருந்தது. பட்டம் பெற்ற மூளையல்லவா? பானையிலிருந்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றிக் கலக்கினோம். கிடைத்தது மோரும் கட்டியுமாக ஒரு திரவம். நீர்த்த இடத்தில் காகிதம் ஊறிச் சுருங்கியது. கட்டி விழுந்த இடத்தில் முருகன் முகத்தில் அம்மை போட்டாற்போல் மேடு தட்டியது. மறுநாள் காலை மயில் தோகை பாதி கழன்று தொங்கிற்று. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாய் உறுத்தியது.

அன்று மாலை பேரனை அழைத்துப்போக ஒரு பாட்டி வந்தார். பெட்டிகளைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், நம்மையும் பார்த்தார்.

"என்ன வாத்தியாரய்யா, பசையைக் கொன்னுபோட்டீகளே!"

பிறகு தரையில் உட்கார்ந்து, மற்றொரு புட்டியைக் கேட்டு வாங்கினார். அதுவும் இறுகியதுதான். மேலே படிந்த ஆடையைக் குச்சியால் சுருட்டி எடுத்து எறிந்தார். சுடுநீர் உள்ள பாத்திரத்தில் புட்டியை நிறுத்தினார். வெதுவெதுப்பான நீரை ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, சற்றுப் பொறுத்து இன்னொரு கரண்டி விட்டார். "வெளக்கெண்ணெய் மாதிரி விழணும். தண்ணி மாதிரி விழுந்தாப் போச்சு," என்றார். மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி, இரவு முழுதும் அப்படியே வைக்கச் சொன்னார். மறுநாள் தூரிகையின் தடமே தெரியாமல் பசை படர்ந்தது.

அவர் செய்ததற்குக் காரணம் ரசாயன நூலில் இருக்கிறது. மரவேலைக்காரர்கள் முன்னாளில் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தை நம்பியிருந்தார்கள். அதன் இடத்தைப் பிடித்தது, 1959-இல் ஃபெவிகால் என்ற பெயரில் நம் நாட்டில் வந்த இந்த வெள்ளைப் பசை. பாலிவினைல் அசிட்டேட் என்ற பொருளின் நுண்துளிகள் நீரில் மிதப்பதாலேயே அதற்குப் பால் நிறம். நீர் வற்ற வற்றத் துளிகள் நெருங்குகின்றன, பசை இறுகுகிறது. நெருங்கியிருக்கும் மட்டும் நீர் விட்டுப் பிரித்துவிடலாம். ஒன்றோடொன்று கலந்து ரப்பர்போல் ஆகிவிட்டாலோ எந்த நீரும் அதை மீட்காது. தூரிகையில் நூல் நூலாக இழுத்தாலும், புளித்த நாற்றமோ பூஞ்சணமோ இருந்தாலும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். சிக்கனம் நல்லதுதான், ஆனால் நாலு ரூபாய்ப் பசைக்காக நாலு நாள் வேலையைப் பலி கொடுப்பது சிக்கனமாகாது.

மைதா மாவுப் பசையின் குணம் வேறு. ஆறின கஞ்சி இறுகுவதுபோல் அதுவும் இறுகும். சூடு காட்டினால் ஓரளவு இளகும். புளித்துவிட்டால் நீர்த்துப்போய்ப் பிடிமானம் இழக்கும். எலியும் பூச்சியும் தின்னாதிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் சேர்க்கவே கூடாது.

"இதெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்று பாட்டியைக் கேட்டோம்.

"பள்ளிக்கொடத்திலயா படிச்சேன்? தீப்பெட்டி ஒட்டித்தான்!" என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவராம். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. பசை இறுகினால் கை ஓடாது. கை ஓடாவிட்டால் குரோஸ் நிரம்பாது. ஒன்பது வயதிலேயே பசையின் பதம் அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, அந்நியத் தீக்குச்சிக்குப் போட்டியாகச் சிவகாசியில் சுதேசித் தொழிலை நிறுவிய வரலாற்றை வகுப்பில் பெருமையோடு சொல்லி வருகிறோம். பெருமைக்குரியதே. வானம் பார்த்த இக்கரிசல் பூமியில் அத்தொழில் ஏற்றிய அடுப்புகள் அநேகம். ஆனால் அந்தப் பெட்டிகளை ஒட்டிய சிறு விரல்களின் கதையை நாம் சொன்னதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தபோதும், குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு அளித்தது. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளில் நடந்த வேலை! 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வேலை வாங்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதினாயிரம் ரூபாய் கட்டவேண்டுமென்று தீர்ப்பளித்தது. பாட்டிக்கு அப்பொழுது பேரன் எடுக்கும் வயது நெருங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வந்தார். இம்முறை நாமே அழைத்திருந்தோம். படத்தின் பின்புறத்தில் பசையை மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி, குமிழியை வெளியேற்றும் வித்தையைக் காட்டினார். நமது விரல் மூன்று தடவை போகும் நேரத்தில் அவர் விரல் பத்துத் தடவை போய்வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

காட்சிக்கு முந்தின நாள் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் செய்தவர் பெயரை எழுதச் சொன்னோம். பாட்டி செய்ததும் ஒன்று இருந்தது. அதைப் பேரனிடம் தள்ளி, "நீ எழுதுடா," என்றார். அவன் எழுதி முடித்ததும் எழுத்துக்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மை காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பசைப் புட்டியின் மூடியை இறுகத் திருகி அலமாரியில் வைத்தார்.