மாப்பிள்ளைக்கு யார் முதலாளி?

நமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழா அன்று, அதாவது 2025 ஏப்ரல் 14ஆம் தேதி, குழந்தைகளின் நடன நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் வடை பாயசத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கத்மாவில் குடியிருக்கும் நெல்லைக்கார நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து மேடைக்குப் பின்புறம் அழைத்துப் போனார். அவர் கையில் மடித்த செய்தித்தாள். முகத்தில் பண்டிகைக் களையே இல்லை.

“அண்ணாச்சி, மூத்தவளுக்குப் பேசி முடிச்சிருக்கோம்லா, அந்த மாப்பிள்ளை இங்கிலாந்துல டாடா கம்பெனியில இருக்காருன்னு சொல்லித்தான் ஜாதகமே வந்துச்சு. இப்போ பேப்பர்ல, அந்த ஆலையை சீனாக்காரன் மூடப் பார்த்தான், சர்க்கார் கையில எடுத்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கான். டாடாவா, சீனாக்காரனா, சர்க்காரா? நீங்க கணக்கு ஆபீசுல இருந்தவுக. விசாரிச்சுச் சொல்லுங்க. அதுக்குப் பெறவுதான் நிச்சயத்துக்கு நாள் பார்க்கணும்.”

அவர் பதற்றம் எனக்குப் புரிந்தது. ஜாம்ஷெட்பூரில் “கம்பெனி” என்று மட்டும் சொன்னால் போதும்; எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கமாட்டார்கள். 1907இல் தொடங்கிய அதே நிறுவனம்தான். 2005இல் டிஸ்கோ என்ற பெயர் டாடா ஸ்டீல் என்று மாறியபோதுகூட நாம் கம்பெனி என்பதை விடவில்லை. வாசலில் எழுதியிருக்கும் பெயர்தான் முதலாளி என்று நினைத்தே மூன்று தலைமுறையாக வாழ்ந்துவிட்டோம். வெளியுலகில் அப்படியில்லை என்பதை, முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பிரிவில் பேரேடு புரட்டிய நானே அந்த வாரம்தான் முழுதாக உணர்ந்தேன்.

மாப்பிள்ளை வேலை பார்ப்பது ஸ்கன்தார்ப் என்ற ஊரில். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், லிங்கன்ஷயரில் இருக்கும் ஆலை ஊர். அங்கே நான்கு பிளாஸ்ட் ஃபர்னஸ்கள். அவற்றுக்கு மேரி, பெஸ், ஆன், விக்டோரியா என்று நான்கு ராணிகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். 2025இல் எரிந்துகொண்டிருந்தவை ஆனும் பெஸ்ஸும் மட்டுமே. வாசல் பலகையில் இருப்பது பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற பெயர். குழப்பம் அந்தப் பெயரில்தான் ஆரம்பம்.

பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற பெயரில் முதலில் பிறந்தது ஓர் அரசு நிறுவனம். 1967இல் பிரிட்டிஷ் அரசு நாட்டின் 14 பெரிய உருக்குக் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து நாட்டுடைமை ஆக்கியது. அப்படி விழுங்கப்பட்ட கம்பெனிகளில் ஒன்று ஸ்டூவர்ட்ஸ் அண்டு லாய்ட்ஸ். பழைய வாசகர்களுக்கு இந்தப் பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கும். நம் ஊர் டியூப் கம்பெனியை டாடாவோடு கூட்டாக நடத்தியவர்கள் அவர்களேதான். அந்த டியூப் கம்பெனி 1985இல் டிஸ்கோவோடு இணைந்தது.

1988இல் தாட்சர் அரசு பிரிட்டிஷ் ஸ்டீலைப் பங்குகளாக்கி விற்றது. 1999இல் அது ஹாலந்தின் ஹூகோவன்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து கோரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற பெயர் அத்தோடு பரணுக்குப் போனது. 2007 ஜனவரி கடைசியில் கோரஸை வாங்க டாடாவுக்கும் பிரேசிலின் சி.எஸ்.என். கம்பெனிக்கும் இடையே நடந்த ஏலம் பலருக்கு நினைவிருக்கும். பிரேசில்காரர் கேட்ட விலை பங்குக்கு 603 பென்ஸ். டாடா கேட்டது 608. ஐந்து பென்ஸ் வித்தியாசத்தில் ஸ்கன்தார்ப் உள்பட அத்தனை ஆலைகளும் நம் கம்பெனிக்கு வந்தன. அன்று நாங்கள் ஆபீசில் லட்டு சாப்பிட்டோம்.

மாப்பிள்ளை ஷெஃபீல்டில் உலோகவியல் படித்து முடித்து 2015இல் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் கொடுத்தது டாடாவின் கம்பெனிதான். ஆகவே ஜாதகத்தோடு வந்த தகவல் பொய் அல்ல. பத்து வருடம் பழையது, அவ்வளவுதான்.

மறு வருடமே, 2016இல், ஸ்கன்தார்ப் ஆலையையும் அதைச் சேர்ந்த பிரிவுகளையும் டாடா விற்றது. விலை ஒரு பவுண்டு. ஒரு பவுண்டு என்றதும் நண்பர் சிரித்துவிட்டார். நஷ்டத்தில் ஓடும் ஆலையை வாங்குகிறவர் அதன் நஷ்டத்தையும் பொறுப்புகளையும் சேர்த்தே வாங்குகிறார். விற்கிறவருக்கு அந்தச் சுமை இறங்கினால் போதும், ரொக்கம் வராவிட்டாலும் லாபமே. வாங்கியது கிரேபுல் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம். அவர்கள் உருக்குக்காரர்கள் அல்ல. ஆனால் பரணில் கிடந்த பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து மாட்டினார்கள்: பிரிட்டிஷ் ஸ்டீல். ஊர் ஜனங்களுக்கு அந்தப் பெயரில் ஒரு பாசம். எனக்குத் தெரிந்து, பெயரை வைத்து ஜனங்களைச் சமாதானப்படுத்துவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம்தான்.

2019 மே மாதம் அந்தக் கம்பெனி திவாலானது. அரசு நியமித்த அதிகாரி ஒருவர் ஆலையை ஓட்டினார். 2020 மார்ச்சில் சீனாவின் ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்த ஜிங்யே குழுமம் அதை வாங்கியது. அவர்கள் வாங்கியது ஆலையையும் தொழிலையும் மட்டும்; திவாலான கம்பெனியை அல்ல. அதற்காக அவர்கள் வைத்திருந்த வேறொரு கம்பெனிக்குப் பிரிட்டிஷ் ஸ்டீல் லிமிடெட் என்ற பெயரைச் சூட்டினார்கள். வாசலில் அதே பெயர், அதே எழுத்து. சட்டத்தின் கண்ணில் இது வேறு கம்பெனி. பழைய கம்பெனிக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தவர்கள் இந்தப் புதிய கம்பெனியின் கதவைத் தட்ட முடியாது.

பிரான்சில் அயாஞ்ச் என்ற ஊரில் இருந்த தண்டவாள ஆலையும் 2016இல் இதே கூட்டத்தோடு போனதுதான். ஆனால் அது ஜிங்யேயிடம் போகவில்லை. 2021இல் ஜெர்மனியின் சார்ஸ்டால் வசம் போய்ச் சேர்ந்தது. கூட்டுக்குடும்பம் பிரிந்தால் பிள்ளைகள் போகிற திசை யாருக்குத் தெரியும்?

2025 மார்ச்சில் ஜிங்யே, ஸ்கன்தார்ப்பில் தினமும் 7 லட்சம் பவுண்டு நஷ்டம் என்று சொல்லி, இரண்டு ஃபர்னஸ்களையும் மூட யோசிப்பதாக அறிவித்தது. பிளாஸ்ட் ஃபர்னஸ் ஒரு முறை ஆறிப்போனால் மறுபடி உயிர் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 12, சனிக்கிழமை. விடுமுறையில் இருந்த பார்லிமெண்டைத் திரும்பக் கூட்டி, ஒரே நாளில் சட்டம் இயற்றி, ஆலையை நடத்தும் அதிகாரத்தைப் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது. நண்பர் கையில் இருந்த பேப்பரில் வந்த செய்தி இதுதான்.

கவனிக்க வேண்டியது, அரசு எடுத்தது நிர்வாகத்தை மட்டும். பங்குகள் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் ஜிங்யேயிடமே இருந்தன. உத்தரவு போடுகிறவர் ஒருவர், பத்திரம் வைத்திருக்கிறவர் இன்னொருவர். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்க, கோர்ட்டு நியமித்த ரிசீவர் வாடகை வசூலிப்பதுபோல என்று நண்பருக்குச் சொன்னேன். அதன் பிறகுதான் அவருக்கு விளங்கியது.

“அப்போ டாடாவுக்கும் இதுக்கும் ஒண்ணுமே இல்லையா அண்ணாச்சி?”

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பென்ஷன் விஷயம் இருக்கிறது. பழைய நாட்டுடைமைக் காலத்திலிருந்து தொடரும் பிரிட்டிஷ் ஸ்டீல் பென்ஷன் திட்டம், ஸ்கன்தார்ப் விற்றுப்போன பிறகும் டாடாவின் பிரிட்டிஷ் கம்பெனியோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. 2017இல் டாடா 55 கோடி பவுண்டும், தன் பிரிட்டிஷ் கம்பெனியில் 33 சதவீதப் பங்கும் கொடுத்து அந்தத் திட்டத்தைத் தன்னிடமிருந்து பிரித்துவிட்டது. ஆக, அந்த 2017இல் வேலைக்காரர் நிலையை எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற பெயர் கிரேபுலிடம். பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற பென்ஷன் திட்டமோ வேறொரு கம்பெனியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்தில் சுமார் 8,000 பேர் தங்கள் பென்ஷன் பணத்தை வெளியே எடுத்து வேறு திட்டங்களில் போட்டார்கள். ஆலோசனை சொன்னவர்களில் பலர் சொன்னது தவறான ஆலோசனை. நஷ்டஈடு கொடுக்க அந்த நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பே பிறகு ஒரு திட்டம் போட வேண்டியதாயிற்று. நாற்பது வருடம் ஃபர்னஸ் முன்னால் நின்ற மனிதர்கள். இதை வாசித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் நான் சொல்வேன், பெயரைக் கேட்காதீர்கள். பங்கு யாரிடம், கடன் யார் தலையில், பென்ஷன் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பெரிய குழுமங்களில் இவை மூன்றும் ஒரே கம்பெனியில் இருப்பது அபூர்வம். மேலே ஒரு தாய்க் கம்பெனி, நடுவில் சிங்கப்பூரிலோ ஹாலந்திலோ ஒரு கம்பெனி, அதற்கும் கீழே ஆலையை நடத்தும் கம்பெனி என்று அடுக்கு வைத்திருப்பார்கள். லிமிடெட் என்ற சொல்லின் அர்த்தமே, கீழே இருப்பவரின் கடனுக்கு மேலே இருப்பவர் தானாகப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்பதுதான்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆண்டறிக்கையின் முன்பக்கத்தில் வழவழ காகிதத்தில் படங்கள் இருக்கும், அதை விடுங்கள். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் துணை நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். எந்த நாட்டில் பதிவு, எத்தனை சதவீதம் என்று எல்லாம் அங்கே உண்டு. பிரிட்டனில் கம்பெனிப் பதிவகத்தின் ஏடுகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். 2016 முதல், கம்பெனியின் பிடி யார் கையில் என்பதையும் அங்கே எழுதித் தரவேண்டும். என் பேத்தி கம்ப்யூட்டரில் பத்தே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

சீமையில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இஸ்பாத் என்ற சொல்லையே பாருங்கள். இந்தியில் அதற்கு உருக்கு என்று மட்டுமே பொருள். விசாகப்பட்டினம் ஆலையை நடத்தும் அரசு நிறுவனத்தின் பெயரிலும் இஸ்பாத் உண்டு. கல்கத்தாவில் தொழில் செய்த மோகன்லால் மிட்டலின் குடும்பத்துக் கம்பெனிகளிலும் உண்டு. மூத்த மகன் லட்சுமி மிட்டல் 1976இல் இந்தோனேசியாவில் ஆலை தொடங்கினார். 1990களில் சகோதரர்கள் பிரிந்தபோது வெளிநாட்டுத் தொழில் அவருக்கு, இந்தியத் தொழில் தம்பிகள் பிரமோத், வினோத் இருவருக்கும் என்று ஆனது. மகாராஷ்டிரத்தில் டோல்வி ஆலையை நடத்திய இஸ்பாத் இண்டஸ்ட்ரீஸ் தம்பிகளுடையது. லண்டன் மிட்டலுடையது என்று நம்பி அதன் பங்கை வாங்கிய ஒருவரை நானே அறிவேன். டோல்வியை 2010இல் வாங்கியது சஜ்ஜன் ஜிண்டாலின் ஜே.எஸ்.டபிள்யூ. அண்ணன் மிட்டலோ 2006இல் ஆர்சிலாரை இணைத்து உலகத்தின் பெரிய உருக்குக்காரர் ஆகி, 2019இல்தான் நிப்பான் ஸ்டீலுடன் சேர்ந்து ஹசீராவில் எஸ்ஸார் ஆலையை வாங்கி இந்தியாவுக்குள் வந்தார்.

ஜிண்டால் என்றாலும் எந்த ஜிண்டால் என்று கேட்க வேண்டும். ஓ.பி. ஜிண்டாலுக்கு நான்கு பிள்ளைகள், நால்வருக்கும் தனித்தனித் தொழில். நம் சேலத்திலும் அப்படித்தான். செயில் நடத்தும் சேலம் உருக்காலை ஒன்று. மேட்டூர்ப் பக்கம் பொட்டனேரியில், முன்பு சிஸ்கால் என்று இருந்து 2004இல் ஜே.எஸ்.டபிள்யூ. கைக்குப் போன ஆலை இன்னொன்று. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் இரண்டையும் சேலம் ஸ்டீல் என்றே சொல்கிறார்கள்.

மாப்பிள்ளையோடு நானே போனில் பேசினேன். மரியாதையான பையன்.

“சார், நான் உட்கார்ற நாற்காலி மாறவே இல்லை. சம்பளச் சீட்டுல பேருதான் மாறிக்கிட்டே இருக்கு. நிரந்தரமாத் தங்க அனுமதி வாங்கிட்டேன், அதனால வேலை போனாலும் நாட்டை விட்டுப் போகணும்னு இல்லை. பென்ஷன் பணம் என் பேர்ல தனிக் கணக்குல இருக்கு. ஆலை எத்தனை நாள் ஓடும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. அதை மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு இஷ்டம் இல்லை.”

இதை அப்படியே நண்பரிடம் சொன்னேன். பெண்ணும் பக்கத்தில் இருந்து கேட்டாள். டாடா என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தால் யோசித்திருப்பேன், இவர் உள்ளதைச் சொல்கிறார் என்றாள். வைகாசியில் நிச்சயதார்த்தம் முடிந்தது.

பிறகு அழைப்பிதழ் விஷயத்தில் ஒரு சின்னத் தகராறு. பாளையங்கோட்டையில் இருக்கும் பெண்ணின் தாத்தா, டாடா என்று போட்டால்தான் ஊரில் நாலு பேருக்குப் புரியும் என்று பிடிவாதம் பிடித்தார். பிரிட்டிஷ் ஸ்டீல் என்று போடலாம் என்றார் நண்பர். கல்யாணம் ஆவணியில், அதற்குள் என்ன பெயரோ என்று அவர் சம்சாரம் இழுத்தார். கடைசியில் என்னிடம் வந்தார்கள். “உலோகவியல் பொறியாளர், ஸ்கன்தார்ப், இங்கிலாந்து” என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனி பெயர் விட்டுப்போயிருக்கிறதே, சேர்க்கட்டுமா என்று சிவகாசி அச்சகத்திலிருந்து போன் வந்ததாம். அப்படியே இருக்கட்டும் என்று நண்பர் சொல்லிவிட்டார்.