சோப்புப் பெயருக்கும் பட்டா வேண்டும்

தேங்காயைத் தேங்காயாகவே விற்காதீங்க, எண்ணெயாக்குங்க, முடிஞ்சா சோப்பாக்குங்க என்று மதிப்புக்கூட்டல் பற்றிப் பேசாத உழவர் கூட்டம் இன்று இல்லை. அதைக் கேட்டு வீட்டிலேயே சோப்புப் போட ஆரம்பித்த குடும்பங்கள் நிறைய. கொரோனா ஊரடங்கில் சந்தையும் கூரியரும் நின்றன. பிறகு எண்ணெய் விலை ஏறியது. பலர் அச்சுகளைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டார்கள். அவர்களில் சிலர் இப்போது திரும்பவும் அடுப்படிக்கு வருகிறார்கள்.

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கணக்குப் போட்டுத் தரச் சொல்லிச் சிலர் வருவதுண்டு. முதலில் கேட்பது எண்ணெய்க் கணக்கு இல்லை. "சார், இன்டர்நெட்டுக்கு ஒரு நல்ல பேரா சொல்லுங்க" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "பழைய பேர் இப்ப யார் பேர்ல இருக்கு?" பெரும்பாலும் பதில் வராது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடுவதற்காக.

கோழிக்கோட்டில் தூங்கி எழுந்த பெயர்

தேவாலாவில் இருந்து நாடுகாணி வழியாக மலை இறங்கினால் நிலம்பூர், அதையும் தாண்டினால் கோழிக்கோடு. அங்கே 1914இல், சென்னை மாகாண அரசின் மீன்வளத் துறை முயற்சியில் ஒரு சோப்புத் தொழில் பிறந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். வங்கிக்காரர்களுக்கு இவரை வேறு வகையில் தெரியும். விவசாயிகளுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேண்டும் என்று 1890களில் அறிக்கை எழுதியவர். 1904இல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அது ஒரு முக்கியமான அடிப்படை. அதே மனிதர்தான் பின்னாளில் மேற்குக் கடற்கரையில் கிடைத்த மீன் எண்ணெயை வீணாக்காமல் சோப்பாக்கலாம் என்று பார்த்தார். மீன் எண்ணெய் சோப்புக் கரைசல் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குத் தெளிக்கிற மருந்து என்பது நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான்.

அந்தத் தொழிற்சாலை பிறகு கேரள அரசின் கைக்கு வந்து 'கேரளா சோப்ஸ்' ஆனது. நஷ்டம் தாங்காமல் 1992இல் மூடினார்கள். 18 வருஷம் கழித்து, 2010இல் கேரள மாநிலத் தொழில் நிறுவனத்தின் கீழ் மறுபடி திறந்தார்கள். எந்திரம் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, ஆள் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. பெயரை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. 'கேரளா சாண்டல்' என்றால் பழைய ஆட்களுக்கு மணம் ஞாபகம் இருந்தது. பெயருக்கு உரிமையாளர் யார் என்பதிலும் சந்தேகம் இல்லை, அரசுதான்.

நம் வீட்டுத் தொழிலில் நிலைமை அப்படியா? நாலு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்திருப்பார்கள். பெயரை வைத்தது ஒருவர், லேபிள் அடித்தது ஒருவர், இணையத்தில் பதிந்தது யாரோ ஒருவருடைய அக்கா மகன். தொழில் நின்றபோது யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. திரும்ப ஆரம்பிக்கும்போதுதான் பெயர் யாருக்கு என்ற கேள்வி வருகிறது.

பெயரும் நிலம் மாதிரிதான்

கூடலூர், பந்தலூர் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1969ஆம் வருஷத்து ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலத்தில் உழைத்து, வீடு கட்டி, மரம் வளர்த்து, பட்டா மட்டும் கைக்கு வராத வலி இங்கே தலைமுறைக் கதை. சோப்புக்கு வைக்கிற பெயரும் நிலம் மாதிரிதான். அதிலும் மூன்று விதமான பிடிமானம் உண்டு.

முதலாவது, அனுபோகம். ஒரு பெயரில் நீங்கள் தொடர்ந்து விற்றிருந்தால், பதிவு செய்யாவிட்டாலும் உங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1999ஆம் வருஷத்து வணிகக் குறிச் சட்டம் முன்னரே பயன்படுத்தியவரை மதிக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். பழைய பில், அச்சகத்து ரசீது, லேபிள், கண்காட்சியில் கடை போட்ட ரசீது, தேதியுள்ள போட்டோ எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்க. அனுபோகத்துக்கு அவைதான் சாட்சி.

இரண்டாவது, பட்டா. அதுதான் டிரேட் மார்க் பதிவு. சோப்பு 3ஆம் வகுப்பில் வரும். தனிநபரும் சிறுதொழிலும் இணையம் வழியே விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 வருஷம் நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். அதற்கு முன்னால் வில்லங்கம் பார்ப்பது போலப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அதே பெயர் மட்டும் இல்லை, அதே ஓசையில் ஒலிக்கிற பெயர்களையும் தேடுங்க. தொழிலை நிறுத்தி வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்த பெயரையே 5 வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டிருந்தால், வேறொருவர் விண்ணப்பித்து அதை நீக்கச் சொல்ல முடியும். தரிசு போட்ட நிலத்தின் மேல் கண் விழுவது போலத்தான். பதிவு கைக்கு வரும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டு அச்சடிக்காதீங்க, அது சட்டப்படி தவறு.

மூன்றாவது, குத்தகை. இணைய முகவரி, அதாவது டொமைன், இந்த வகை. பணம் கட்டி 'வாங்கினேன்' என்று சொல்கிறோம். உண்மையில் வருஷக் குத்தகைதான். கெடு முடிந்து, கொடுக்கிற சில வார அவகாசமும் போய்விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பழைய வாடிக்கையாளர் உங்கள் பெயரைத் தட்டினால் யாரோ ஒருவருடைய கடை திறக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுவது நல்லது.

குத்தகைச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். பதிவு செய்து கொடுத்த பையனுடைய மின்னஞ்சலில் டொமைன் இருக்கும். அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டால் நினைவூட்டல் கடிதம் அவனுக்குத்தான் போகும். இன்ஸ்டாகிராம் பக்கம் கல்யாணமாகிப் போன பெண்ணின் செல்போன் எண்ணோடு கட்டியிருக்கும். ஆகவே தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல், தனி எண் வைத்து, கடவுச்சொல்லை எழுதி பீரோவில் வைங்க. குழுவாகச் செய்தால், பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் என்ன, தொழில் நின்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்காவது எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சண்டை வருவதற்கு முன் எழுதினால் ஒரு பக்கம் போதும்.

வாயில் நிற்கிற பெயர், எழுத்தில் நிற்கிற பெயர்

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மவர்கள் உடனே போவது 'இயற்கை', 'மூலிகை', 'நீலகிரி', 'மலை' போன்ற சொற்களுக்கு. பொருளின் தன்மையையோ ஊரையோ மட்டும் சொல்கிற பெயரைப் பதிவகம் சாதாரணமாக ஏற்பதில்லை, அது எல்லாருக்கும் பொது. 'நீலகிரி மூலிகை சோப்' என்று நீங்கள் வைத்தால், பக்கத்து ஊர்க்காரரும் வைப்பார், தடுக்க முடியாது. ஊர்ப் பெயரோடு உங்களுக்கே உரிய ஒரு சொல் சேர வேண்டும். காட்டு மரம், பாட்டியின் பெயர், தோட்டத்தின் பழைய பெயர் என்று ஏதாவது.

அடுத்தது ஆங்கில எழுத்துப் பிரச்சினை. மலை, மாலை இரண்டையும் ஆங்கில எழுத்தில் போட்டால் ஒரே மாதிரி ஆகிவிடும். மழையும் கிட்டத்தட்ட அப்படித்தான். வடக்கே ஒருவர் அதையே பாலாடை என்று படிப்பார். 'ழ' வந்தால் ஒருவர் இசட் எச் போடுவார், ஒருவர் வெறும் எல் போடுவார். பத்துப் பேரிடம் போனில் பெயரை ஒருமுறை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்க. எட்டுப் பேராவது ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயர் இணையத்துக்கு ஆகும். 'டாட் இந்தியா' என்று முழுக்கத் தமிழ் எழுத்திலேயே முகவரி எடுக்கவும் வழி இருக்கிறது. ஆசைக்கு எடுத்து வையுங்க, ஆனால் கூடவே 'டாட் இன்' அல்லது 'டாட் காம்' ஒன்றும் இருக்கட்டும்.

பெயர் சொல்வது சோப்பில் இருக்கிறதா?

1880 வாக்கில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. பெயர்கள் எல்லாம் பளபளப்பு. சில வருஷத்தில் மிஞ்சியது சுரங்கக் குழிகள்தான். பெயர் முன்னால் ஓடிச் சரக்குப் பின்னால் வராத கதை இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

எண்ணெய்க் கணக்கும் பெயரோடு சேர்ந்ததுதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோலுக்கு இதமாக 5 சதவீதம் எண்ணெய் மிச்சம் இருக்கட்டும் என்றால் 174 கிராம். நல்லெண்ணெய்க்குக் கிலோவுக்குச் சுமார் 134 கிராம்தான், விளக்கெண்ணெய்க்கு அதிலும் குறைவு. தேங்காய் எண்ணெய் விலை ஏறியது என்று எண்ணெயை மாற்றிவிட்டுப் பழைய காஸ்டிக் அளவையே போட்டால் சோப்பு தோலை அரிக்கும். (காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது.) எண்ணெய் மாறினால் பெயரும் பொய்யாகிவிடக் கூடாது. 'தேங்காய்' என்ற சொல் பெயரில் இருந்தால், விலை ஏறுகிற வருஷத்திலும் அதைக் காப்பாற்ற முடியுமா என்று இப்போதே யோசிங்க.

சட்டமும் இங்கே வருகிறது. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் வகையில் அடங்கும். விற்பதற்காகத் தயாரிக்க, 2020ஆம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டில் அந்த வசதி இல்லை என்றால், உரிமம் உள்ள கூடத்தில் உங்கள் பெயரில் தயாரிக்க 'லோன் லைசென்ஸ்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெயரில் லோன் இருந்தாலும் வங்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! 'சொரியாசிஸ் தீரும்', 'படை போகும்' என்று எழுதினால் சோப்பு மருந்தாகிவிடும், அதற்கு விதிகள் வேறு. 'ஆயுர்வேத சோப்' என்றால் தனி உரிமம். நம் தோட்டத்துக்கு இயற்கை விவசாயச் சான்று இருப்பதால் சோப்புக்கும் தானாகச் சான்று வந்துவிடாது.

இணையத்தில் விற்பவர்கள் வரியையும் பாருங்க. கேரளமும் கர்நாடகமும் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆனால் சோப்பு மாநில எல்லையைத் தாண்டிப் போனால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். குளியல் சோப்புக் கட்டிக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. திரும்ப ஆரம்பிப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் பழைய பெயரின் கணக்கை முடியுங்க. கூட இருந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்குங்க. அது கிடைத்து, வில்லங்கமும் இல்லை என்றால் பழைய பெயரே நல்லது. ஒரு வாடிக்கையாளரின் ஞாபகத்தைப் புதிதாக வாங்க நிறையச் செலவாகும். சிக்கல் இருந்தால் மனம் கலங்காமல் புதுப் பெயருக்குப் போங்க, 'முன்பு இந்தப் பெயரில் இருந்தோம்' என்று பழையவர்களுக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு ஒரே நாளில் டொமைனையும் சமூக ஊடகப் பக்கங்களையும் எடுத்துவிடுங்க. அதே வாரத்தில் டிரேட் மார்க் விண்ணப்பம். உத்யம் பதிவு இலவசம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். கொஞ்சம் முதல் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம். உரிமம் கைக்கு வந்த பிறகுதான் லேபிளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் உரிம எண்ணும் அதில் வர வேண்டும். கூடவே தயாரிப்பாளர் முகவரி, சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல எண் எல்லாம் இருக்கட்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. காய்ச்சாமல் செய்கிற சோப்பு ஆற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தேவாலா மழையில் ஜூனில் போட்ட சோப்பு ஆகஸ்ட்டிலும் வியர்த்துக்கொண்டிருக்கும். ஆகவே மழை மாதங்களைப் பெயருக்கும் பதிவுக்கும் எழுத்து வேலைக்கும் வைத்துக்கொண்டு, வெயில் வந்தபின் சோப்புப் போடுங்க. ஆறி எடை குறைந்த பிறகு நிறுத்து, அந்த எடையை எழுதுங்க.

நஞ்சில்லாமல் விளைவிக்க நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்கு வாடிக்கையாளர் கொடுக்கிற மதிப்பு கடைசியில் ஒரு பெயரில்தான் போய்ச் சேருகிறது. அந்தப் பெயர் உங்கள் கையில் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்க. பரணில் இருக்கும் அச்சை அடுத்த வாரம் இறக்கிக்கொள்ளலாம்.